ஆயிரம் கப்பல்களும் ஒரு விசாரிப்பும்

1

முதலிலேயே போட்டு உடைத்துவிடலாம். இந்தக் கதை ஆசையில் பிறந்தது, பெயரை அச்சில் பார்க்கும் ஆசையில். எழுதுகிறவள் ஷோபா, ஆந்திர எல்லையோரத்து விஜயபுரத்துக்காரி, திருப்பதியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தன்னை 'அவள்' என்று எழுதினால்தான் கூச்சமில்லாமல் புளுக முடிகிறது என்பது அவள் கட்சி.

சென்னையில் விண்வெளிப் பேரரசுக் கதைகளுக்கென்று ஒரு தொகுப்பு வருகிறது. தொகுப்பாசிரியர் கமலக்கண்ணன் ஒரே நிபந்தனைதான் போட்டார்: எல்லையில் இரண்டு பேரரசுகள் மோத வேண்டும். இன்று மாலைக்குள் போர் வராவிட்டால் ஷோபாவுக்குத் தொகுப்பில் இடமில்லை.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பழைய விண்வெளி நாவல்கள் சரியும் பேரரசையும் முரட்டுக் கப்பல் தலைவனையும் எல்லைப் போரையும் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் போயின. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பூசிப் புழங்குகிறார்கள். சினிமாக்காரர்களும் அதிலேதான் சமைக்கிறார்கள். (ஷோபாவும் அதில் தின்று வளர்ந்தவள்தான். நன்றி கெட்டவள் என்று நினைக்க வேண்டாம்.)

2

பேரரசின் ஆயிரம் கப்பல்கள் எல்லையில் அணிவகுத்து...

(வேண்டாம். இதை எல்லோரும் எழுதியாயிற்று.)

தளபதி சந்தியா பீரங்கி விசையில் விரலை வைத்து, எதிரியின்...

(வைத்தாள். அழுத்த மாட்டேன் என்கிறாள்.)

புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் கதை தட்டிக்கொண்டிருந்தவளை வீட்டிலிருந்து கணவன் முரளிதரன் போனில் கூப்பிட்டான்.

"இன்னாமே, இன்னும் குண்டு போட்டுக்கினு கீறியா?"

"எங்க போட்றது? சந்தியா மாட்டேன்றா."

"எப்பிடிப் போடுவா? நம்ம ஊரு எல்லையில எவன் சண்டை போட்டான்? அந்தாண்ட பொண்ணு குடுக்கறோம், இந்தாண்ட எடுக்கறோம்."

ஷோபாவுக்குச் சுருக்கென்றது. அவளுடைய அக்காளையே எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில்தான் கொடுத்திருக்கிறது. இவர்கள் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்க ஆள் குறைந்தால் அக்காள் புருஷன் வண்டியை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார்.

3

போர்ப் பிரகடனத்தை வாசிக்க சந்தியா எழுந்து நின்றாள். திரையில் எதிரித் தளபதி பாலையாவின் முகம் வந்தது. [அவர் சந்தியாவின் அக்காள் புருஷன் என்று ஷோபா இந்த நிமிஷம்தான் முடிவு செய்தாள்.] பழக்கதோஷம், சொந்தக்காரரைப் பார்த்ததும் சந்தியாவின் வாயில் பாதித் தெலுங்கில் வேறு பேச்சு வந்துவிட்டது:

"பாவா, மீரு தின்னாரா? நாங்க இன்னும் துன்னல."

இரண்டு படைகளிலும் பீரங்கிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

(எங்கள் பக்கத்தில் எதைப் பேசுவதற்கு முன்னாலும் இதைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் சண்டைகூடத் தொடங்க முடியாது. 'எங்கள்' என்று எழுதிவிட்டாள். இருக்கட்டும்.)

ஷோபா அழிக்கப் போனாள். மனசு வரவில்லை. அச்சிலேறும் ஆசை தொண்டை வரை இருந்தது. ஆனாலும் அப்படியே அனுப்பிவிட்டாள்.

4

புத்தூரில் இறங்குவதற்குள் கமலக்கண்ணன் கூப்பிட்டார்.

"போர் எங்கம்மா?"

"இல்ல சார். மொதல்ல எழுதினவங்க கடல் கதையத் தூக்கிக்கினு வானத்துக்குப் போனாங்க. யாரக் கேட்டாங்க? நான் எங்க ஊரு எல்லையத் தூக்கிக்கினு போறேன். வேணாம்னா விட்டுடுங்க."

சொல்லிவிட்டு, தொகுப்பில் இடம் போயிற்று என்றே நினைத்தாள். அவரிடமிருந்து தயங்கித் தயங்கி ஒரு கேள்வி:

"அது கிடக்கட்டும். பாலையா என்னம்மா சொன்னான்?"

ஜெயித்துவிட்டாள்! போர் கேட்ட மனிதர் போரையே மறந்துவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள் ஷோபா.

"அத நான் எழுத மாட்டேன் சார். படிக்கறவங்க சொல்லட்டும்."

ஆகவே வாசகரே, பாலையாவின் நாற்காலி இப்போது உங்களுடையது. உங்களுக்குப் பின்னால் ஆயிரம் கப்பல்கள். பீரங்கிக்காரன் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். திரையில் கொழுந்தியாள் காத்திருக்கிறாள். சொல்லுங்கள், சாப்பிட்டீர்களா?