மாப்பிள்ளையின் கண்ணில் தூசி

என் மனைவி அந்தக் கேமராவை வாங்கி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பிஸ்கட் நமுத்துப்போக ஆரம்பித்தது. காற்றுப் புகாத நல்ல டப்பா வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பிஸ்கட்டைப் பொட்டலத்தோடு அலமாரிக்கு அனுப்பிவிட்டு, டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து, கேமராவை அதில் குடிவைத்தாள்.

கைக்குள் அடங்கும் கேமராதான். விலைதான் அடங்காது. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை இல்லை. பொத்தானை அழுத்தினால் மூக்கை நீட்டும், அணைத்தால் மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய கேமராக்கள் எடுக்கிற படத்தை இந்தச் சின்ன உடம்பு எடுக்கும் என்று கடையில் சொன்னார்களாம். தன் சம்பளத்தில் தனக்கென்று அவள் வாங்கிக்கொண்ட ஒரே பெரிய பொருள் அது.

அவள் பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். கருவிகளைக் கழுவி, ஆவியில் சுத்தம் செய்து, உறையில் போட்டு அடுக்குவது அவள் வேலை. அந்த ஒழுங்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் டப்பாவைத் திறக்கலாம். முதலில் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் கேமராவைத் தூக்க வேண்டும். அடுப்பு எரியும்போது சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வீடு பெருக்கிக்கொண்டிருந்தால் வெளியே எடுக்கவே கூடாது. புதுச் செருப்புப் பெட்டியில், மாத்திரைக் குப்பியில் வருமே, ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள், அவற்றை நாங்கள் யாரும் தூக்கிப் போடக் கூடாது. எல்லாம் டப்பாவுக்குள் போக வேண்டும். இத்தனைக்கும் மேலே, வெள்ளை ஃபிளானல் துணி ஒன்று. வாரா வாரம் துவைத்து, இஸ்திரி போட்டு, குழந்தையைச் சுற்றுவதுபோல் கேமராவை அதில் சுற்றி வைப்பாள்.

இவ்வளவு மரியாதையைப் பார்த்துத்தான் நான் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன். அவள் டப்பாவைத் திறந்தால், "மாப்பிள்ளை வர்றாரு, எல்லாரும் எழுந்திரிங்க" என்பேன். மகள் நிஜமாகவே எழுந்து நிற்பாள். மனைவி சிரிக்க மாட்டாள். கை கழுவிட்டீங்களா என்று மட்டும் கேட்பாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். நிமிரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

அதன் பிறகு மாப்பிள்ளை என் பொறுப்புக்கு வந்தார். அவள் விதிகளில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. அவள் இருந்தபோது முணுமுணுத்த நான், இப்போது யாரும் பார்க்காதபோதும் கை கழுவினேன். துணியை வாரா வாரம் துவைத்தேன். அவள் விட்டுப்போனவற்றில் அவள் வைத்திருந்தபடியே என்னால் வைத்திருக்க முடிந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் கையில் நாசமானது. அவள் வளர்த்த செடிகள் வாடின, போர்வைகளில் இருந்த வாசனை போயிற்று.

மகளுக்கு வெகுதூரத்து ஊரில் வேலை கிடைத்தது. அவள் கிளம்புவதற்குள் அவளை அம்மாவின் கேமராவில் ஒரே ஒரு படம், நல்ல படமாக, எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். கேமராவை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், அது இன்னும் என் மனைவியின் கேமராதான் என்பதற்கு எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

மொட்டை மாடியில் நிற்கவைத்து எடுத்தேன். நல்ல வெளிச்சம், நீல வானம். திரையில் பார்த்தால் வானத்தின் வலது மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. பறவை என்று நினைத்தேன். அடுத்த படத்திலும் பறவை அதே இடத்தில் பறந்தது. மகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். புள்ளி அவள் கன்னத்தில் போய் உட்கார்ந்தது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு பக்கத்தில் வேண்டாத புள்ளி ஒன்று விழுந்திருந்தால், மற்ற எழுத்தெல்லாம் மறைந்து அது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தப் படத்தில் என் மகள் தெரியவில்லை.

லென்ஸைத் துடைத்தேன். காற்றை ஊதினேன். போகவில்லை. மகள் செல்போனை நீட்டி, "இதுல ஒரு நிமிஷத்துல அழிச்சிடலாம்ப்பா" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் என் மனைவி, எடுத்த படத்தில் கை வைக்க மாட்டாள். எடுத்தது எடுத்தபடி இருக்கணும், இல்லாட்டி எடுக்காமலே இருக்கணும் என்பாள். அழிக்க வேண்டாம் என்று மகளிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

மறுநாள் பழுது பார்க்கும் இடத்துக்கு எடுத்துப்போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் கேமராவை ஏதோ கருவியில் மாட்டி, அந்தப் புள்ளியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். புழுபோல் வளைந்திருந்தது. துணி நூல் சார் என்றாள். துணியில் சுற்றி வைப்பீர்களா என்று கேட்டாள். ஆமாம், சுத்தமான துணி, வாரா வாரம் துவைக்கிறோம் என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அதுலேர்ந்துதான் வந்திருக்கு. லென்ஸ் உள்ள போறப்போ மேல ஒட்டியிருக்கிறதையும் சேர்த்து இழுத்துக்கும். துணி சுத்தாம சும்மா வச்சிருந்தாலே போதும் சார்."

எப்போது போயிருக்கும் என்று கேட்டேன். போன வாரமாகவும் இருக்கலாம், வருஷக்கணக்காகவும் இருக்கலாம், நூலில் தேதி போட்டிருக்காது என்றாள். திறந்து எடுக்க முடியுமா என்றால், திறக்கலாம், திரும்ப அதே மாதிரி மூடும் என்று சொல்ல முடியாது, இந்த மாடலுக்கு உதிரிபாகமும் வருவதில்லை என்றாள். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொண்டால் தள்ளுபடி உண்டாம். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். அதனால் கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

வழி நெடுக ஒரே எண்ணம். என் துண்டோடு சேர்த்துத்தான் அந்தத் துணியை ஊறவைத்தேன். அவள் தனியாகத் துவைப்பாள், நான் சேர்த்துத் துவைத்தேன். இத்தனை வருஷம் அவள் ஒரு தூசி அண்டவிடாமல் காப்பாற்றியதை, சில மாதங்களில் நான் கெடுத்துவிட்டேன். வேறு எந்த விளக்கமும் எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. எதற்கும் அவனிடம் ஒரு வைத்தியம் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் வாக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதன் குழாயை லென்ஸ் மேல் வைத்து உறிஞ்சினால் நூல் வெளியே வந்துவிடுமாம். யாரோ செய்கிற வீடியோ பார்த்தானாம். அந்தக் குழாயின் வாயில் போன வாரத்துத் தலைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"குடுங்க அத்தான், ஒரு இழுப்புதான்."

"கை கழுவினியா நீ?"

அவன் குழாயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அக்கா போனதும் நீங்களே அக்காவாயிட்டீங்க அத்தான்" என்றான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது குரல் சரியில்லை. காபி குடித்துவிட்டு, குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிறு மத்தியானம் மகளின் மடிக்கணினியில் அவள் அம்மா எடுத்த படங்கள் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். மறுநாள் காலை அவளுக்குப் பயணம், பெட்டி பாதிதான் நிரம்பியிருந்தது. எதற்கு என்றாள். புள்ளி எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும் என்றேன். கெடுத்தது நானா, அவள் அம்மாவா என்று தெரிய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

முதல் வருஷத்துப் படங்கள் முழுக்க வானம். மேகம், மின்கம்பி, மாடியில் காயும் துணி, வெள்ளைச் சுவர் முன்னால் மகள். எல்லாம் சுத்தம். வேகமாகத் தள்ளிக்கொண்டே வந்த மகள் ஓரிடத்தில் நிறுத்தினாள். ஒரு மேகம். வலது மேல் மூலையில் அந்தப் புழு.

அடுத்த படமும் அதே மேகம். அதற்கடுத்து எங்கள் வீட்டுச் சீலிங், வெறும் வெள்ளை. அப்புறம் குளியலறைச் சுவர். அப்புறம் ஒரு வெள்ளைக் காகிதம். அப்புறம் வேறொரு வெள்ளைக் காகிதம். ஒன்றுமே இல்லாத வெள்ளைப் படங்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் அது மட்டும் இருந்தது. கடைசியில் ஃபிளானல் துணியையே விரித்துவைத்து ஒரு படம் எடுத்திருந்தாள். சமையலறையில் நான் ஏதாவது கத்திக்கொண்டிருந்திருப்பேன், அவள் இதைச் செய்துகொண்டிருந்திருப்பாள்.

நான் கெடுக்கவில்லை. அந்த நிம்மதி வந்த வேகத்தில் போய்விட்டது. ஏனென்றால் மகள் அடுத்த படங்களைத் தள்ள ஆரம்பித்திருந்தாள்.

அதற்குப் பிறகு வானமே இல்லை. ஒரு மேகம்கூட இல்லை. எந்தப் படமானாலும் வலது மேல் மூலையில், புள்ளி விழும் இடத்தில், கறுப்பாக ஏதாவது ஒன்று நின்றது. மரத்தடி, திறந்த கதவின் இருட்டு, மகளின் பின்னல். பாதிப் படங்களில் கறுப்பாக நின்றது என் தலை.

இந்தப் படங்களுக்கெல்லாம் நாங்கள் பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருந்தது. கொஞ்சம் வலது பக்கம் வாங்க. இன்னும் கொஞ்சம். தலையை அசைக்காதீங்க. கூட்டத்தில் எல்லோரும் காத்திருக்க, என்னை மட்டும் நகர்த்திக்கொண்டே இருப்பாள். மச்சினன் ஒரு தரம், "அத்தானை இன்னும் நகர்த்தினா அடுத்த தெருவுக்குப் போயிடுவார்க்கா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிந்தது.

அதைவிட எரிந்தது வேறொன்று. எனக்கு நரைக்க ஆரம்பித்த சமயம் அது. படம் எடுக்கப் போகிறாள் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுவாள்: "என்னங்க, தலைக்கு டை அடிச்சுக்குங்க." நான் எதற்கு என்பேன். படத்தில் நன்றாக இருக்கும் என்பாள். அடித்துக்கொண்டேன். தலையெல்லாம் அரிப்பு வந்து, இனிமேல் மாட்டேன் என்று ஒரு நாள் நிறுத்தினேன். அதோடு என்னைப் படம் எடுப்பதும் குறைந்துபோனது. எடுத்தாலும் என்னை இடது ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, பாதிப் படத்துக்குக் கறுப்புப் பீரோவை நிற்கவைப்பாள். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறது பீரோவுக்கா என்று கேட்டிருக்கிறேன். நரைத்த புருஷனைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இன்றுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் போன பிறகும் அந்த முள் உள்ளே கிடந்தது.

மகள் திரையைப் பார்த்தபடியே, "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? உங்ககிட்டயா? துணி சுத்து துணி சுத்துன்னு எங்க உயிரை வாங்கினியே, இப்ப அந்தத் துணிதானே உள்ள போயிருக்குன்னு காலம் பூரா சொல்லிக் காட்டியிருப்பீங்க."

சொல்லிக் காட்டியிருப்பேன்தான். மாப்பிள்ளை கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பேன். அவளும் ரெண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சிரித்திருப்பாள். அதன்பின் நான் நரைத்த தலையோடு இடது பக்கம் நிம்மதியாக நின்றிருப்பேன். நடக்காத அந்தச் சண்டையை நினைக்க நினைக்க எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. போடி என்று சொல்லக்கூட எதிரில் ஆள் இல்லை. மடிக்கணினியைப் பட்டென்று மூடினேன். அது என்னுதுப்பா என்று மகள் அதட்டினாள்.

மறுநாள் காலை வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. நான் கை கழுவிக்கொண்டு, துடைத்து, வாரை மணிக்கட்டில் மாட்டினேன். மகளைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்தேன். வெள்ளைச் சுவர், காலை வெளிச்சம்.

"கொஞ்சம் வலது பக்கம் வா."

"உங்க வலதா, என் வலதா?"

"என் வலது. இன்னும் கொஞ்சம். போதும், போதும், திரும்ப வா."

"அப்பா, வண்டி நிக்குது."

"அந்தக் கிளிப்பைக் கழட்டு. பளபளன்னு இருக்கு."

"கிளிப் என்னப்பா பண்ணிச்சு?"

கழற்றினாள். முடி காற்றில் பறந்து புள்ளி எட்டிப் பார்த்தது. மறுபடி எடுத்தேன். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். தலையை நிமிர்த்தாதே என்றேன். மகள் என்னை முறைத்தாள், அந்த நொடியில் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் பார்த்தேன். புள்ளி அவள் முடிக்குள் எங்கேயோ போய் ஒளிந்துவிட்டது. முகம் நன்றாக விழுந்திருந்தது, ஆனால் முகம் முழுக்க எரிச்சல். அவள் அம்மா எடுத்த படங்களில் எங்கள் எல்லோர் முகத்திலும் இருந்த அதே எரிச்சல். காட்டினேன். சிரிக்கிற மாதிரி ஒன்று எடுக்கலாமா என்று அவளே கேட்டாள். வேண்டாம், இது சரியாக இருக்கிறது என்றேன்.

கார் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்தேன். பழக்கத்தில் கை துணியைத் தேடியது. மடித்து வைத்திருந்ததை எடுத்து, கேமராவைச் சுற்றப் போனவன் நிறுத்தினேன். கேமராவை வெறுமனே டப்பாவில் வைத்து மூடினேன். துணி கையிலேயே இருந்தது. தூக்கிப் போடவும் மனமில்லை, அதன் மேல் கோபமும் போகவில்லை. கடைசியில் அதைக் கொண்டுபோய், ஆள் உயரத்துக்கு நின்ற அந்தக் கறுப்புப் பீரோவை மேலிருந்து கீழ்வரை அழுத்தித் துடைத்தேன்.