ஏட்டையாவின் வெற்றிலை

“ஏட்டையா, இன்னைக்கும் வெத்தலையா? எச்சி எடுக்கதுக்கு ஒரு மணி நேரம் முன்னால எதுவும் மெல்லக்கூடாதுன்னு சொன்னம்லா?”

முதியோருக்கு வாய் உலர்வதைப் பற்றி ஆராயும் பல்கலைக்கழக மாணவி கோமதி, கையில் குழாயுடன் நின்றாள்.

“மறந்து போச்சும்மா. நாளைக்கு வாயேன்.”

“தெனமும் இதே பாட்டு. வடகரை ஊர்ல வேலை இன்னையோட முடியுது. நாளைக்கு ஆய்க்குடிக்குப் போணும்.”

தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஏட்டு சுடலைமாடன் எழுந்துபோய் வாய் கொப்பளித்தார்.

“அப்பம் ஒரு மணி நேரம் உக்காரு.”

“போலீஸ் புத்தி!” சிரித்தபடி உட்கார்ந்தாள்.

ராணுவத்திலிருக்கும் மகனைப் பற்றி, குற்றாலச் சீசன் டூட்டி பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நேரமானதும் குழாயில் எச்சிலை மெதுவாக, மிக மெதுவாக வடித்தார்.

அவள் போனபின் மீதி வெற்றிலையைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டார். அவருக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது.