பெயின்ட் அடித்த கதவு

"இந்தக் கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சிடாதீங்க மேடம்."

"என் வீட்டுக் கதவுக்கு நான் பெயின்ட் அடிச்சா உங்களுக்கு என்ன சார்?"

"அழகு போயிடும். நீலம் உரிஞ்ச இடத்துல பாருங்க, அடியில பழைய பச்சை தெரியுது. காலை வெயில் சாய்வா விழுந்தா அந்த வெடிப்பெல்லாம் அப்படியே எழுந்து நிக்குது."

வெற்றிவேல் முதல் நாள் சொன்ன இந்த வார்த்தைகள் சந்திரிகாவுக்கு முதலில் இனித்தன. போகப் போக உறுத்தின. பழைய கதவுகளைப் படம் எடுக்கிறவன், சேலையூரில் இத்தனை தெரு இருக்க, ஞாயிறு தவறாமல் இந்த ஒரே கதவின் முன் ஏன் வந்து நிற்கிறான்?

எதிர்வீட்டுப் பச்சையம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "கதவைப் போய் எவனாவது போட்டோ புடிப்பானா? உங்க அண்ணன் அனுப்புன ஆளுடி. வூட்டை நோட்டம் வுட்டுகினு கீறான். இடிக்கப்போற வூட்டுக்குப் பெயின்ட் எதுக்குன்னு சொல்றான், நீ அழகுன்னு கேட்டுகினு கீற!"

அம்மா இருவர் பேருக்கும் எழுதிவைத்த வீடு. பில்டரிடம் கொடுக்க அண்ணன் அரிகிருஷ்ணன் கையெழுத்துக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகாத சந்திரிகாவுக்கு இதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். கேம்ப் ரோடு கடையில் சாக்லேட் கலர் எனாமல் வாங்கிவந்து, கதவு முழுக்க அவளே பூசினாள். பச்சை மறைந்தபோது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. அழகுக்காக வருகிறவன் இனி வரமாட்டான். வீட்டுக்காக வருகிறவன் வந்துகொண்டேதான் இருப்பான்.

ஞாயிறன்று வந்தான். கதவைப் பார்த்தான். முகம் தொங்கிப்போனது. பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவனை விரட்டிவிட்டோமே!

அடுத்த ஞாயிறு, அதே பைக் சத்தம். தோளில் கேமராகூட இல்லை. அப்படியானால் பச்சையம்மா சொன்னதுதான் சரி.

"இந்த வீட்டுக்காக எங்க அண்ணன் எவ்ளோ கமிஷன் தர்றேன்னான்?" வாசலிலேயே மறித்தாள்.

"எந்த அண்ணன்?"

"நடிக்காதீங்க சார். படம் எடுக்கக் கதவே போச்சு. இன்னும் இங்க என்ன வேலை?"

வெற்றிவேல் ஹெல்மெட்டைக் கையில் உருட்டினான்.

"கதவை முதல் நாளே எடுத்து முடிச்சிட்டேங்க. அப்புறம் வந்ததெல்லாம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான். நீங்க முறைப்பீங்க. நான் கேமராவைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுப்பேன். பெயின்ட் அடிச்சதும் அந்தச் சாக்கும் போச்சு." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "வீடு உங்களோடதாவே இருக்கட்டும். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"