சூடு தாங்காத பசை

"சூட்டுல உருகுற பசைன்னு உனக்குத் தெரியாதாடா? ஊர்ல இருக்கிற டிவியெல்லாம் ரிப்பேர் பண்றே!"

அக்கா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் தாமாகவே திறந்துகொண்டன. மெக்கானிக் தம்பி தலைகுனிந்து நின்றான். குளிரில் விறைக்கும் அப்பாவின் கால்களுக்கென்று அவனே செய்த சூட்டு மெத்தை அது. சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கைவசமிருந்த க்ளூ கன் பசையால் ஒட்டியிருந்தான். மேசைமேல் வைத்துச் சோதித்தபோது கெட்டியாகத்தான் நின்றது. போர்வைக்குள் சூடு அடைபட்டதும் பசை இளகி, தெர்மோஸ்டாட் நழுவி, மெத்தை கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அப்பாவின் பாதங்கள் கொப்பளித்துவிட்டன.

"கேட்டேனேக்கா. இதமா இருக்குன்னுதானே சொன்னாரு?"

"சர்க்கரையில அவருக்குக் கால் மரத்துப்போய் எவ்வளவு நாளாச்சு! நீ ஆசையா செஞ்சியேன்னு சொல்லியிருக்காரு."

கட்டிலிலிருந்த அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுவாரமே அக்கா அவரைத் தன் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டாள். தம்பி, பேக்கரி அடுப்புக் கதவுகளுக்குப் போடும் சூடு தாங்கும் சிலிகான் பசை வாங்கி ஒட்டி, போர்வைக்குள் தன் காலையே வைத்துப் பார்த்தான். தெர்மோஸ்டாட் அசையவில்லை. அப்பாவுக்கு அனுப்பத்தான் தைரியம் வரவில்லை.

பிறகு அவனுக்குக் கல்யாணமாயிற்று. வந்தவள் ஒரு குளிர்நாளில் அந்த மெத்தையை எடுத்து விரித்து, "இதமா இருக்குங்க" என்றாள். அவன் நம்பாமல் குனிந்து அவள் பாதங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். எதிர்வீட்டு ஜன்னல்கள் அதையும் பார்த்துவிட்டன; பெண்டாட்டி காலைப் பிடிக்கிறவன் என்று தெரு இன்னும் சிரிக்கிறது.