இளஞ்சிவப்புத் துளை

தான் வேலை பார்த்த காகித ஆலை மூடிய பிறகு என் மனைவி ஹில்க்கா மிகவும் விரும்பிக் கேட்ட வேலை இது. தனியாக இருப்பவர்கள் இணைய வழியில் அழைப்பார்கள். வீட்டிலிருந்தே அவர்களோடு பேச வேண்டும். அன்று காலை பத்து மணிக்குத் தேர்வு. பயிற்சியாளர் தைமி, அழைப்பவரைப் போல் நடிப்பார். ஹில்க்கா புது ஹெட்செட்டை எங்கள் பழைய கணினியின் பின்பக்கம் செருகினாள். தைமியின் குரல் தெளிவாகக் கேட்டது.

நான் சமையலறையில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். ஹில்க்கா கொஞ்சம் பேசினாள். பிறகு வெகுநேரம் அமைதி. மறுபடி இரண்டு வார்த்தை, மறுபடி அமைதி. எனக்கு அதில் தவறேதும் தோன்றவில்லை. பின்லாந்தில் எங்கள் ஊரான கயானியில் நாங்கள் பேருந்துக்கு நிற்பதும் அப்படிப் பேசாமல்தான்.

அரைமணி கழித்துக் கூப்பிட்டாள். திரையில் தைமி எழுதியிருந்தார்: "ரொம்ப நல்லாப் பண்ணீங்க. மத்தவங்க அவசரமா ஆறுதல் சொல்லிடுவாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசாம கூடவே இருந்தீங்க. வேலை உங்களுக்குத்தான்."

"நான் பேசினேனே!" என்றாள் ஹில்க்கா.

"பேசின. சுவரைத் தாண்டி எனக்கே கேட்டுச்சு."

"அவங்களுக்குப் போகல. கேக்குதான்னு ஒரு வார்த்தை ரெண்டு பேரும் கேக்கல பாரு. மரியாதையாக் காத்துக்கிட்டு இருந்திருக்கோம்."

"வேலை கிடைச்சிருச்சுல்ல? விட்டுடு."

"வயரைச் சரியா மாட்டாததுக்குக் கிடைச்ச வேலை எனக்கு வேண்டாம், உர்போ."

நடந்ததை அப்படியே எழுதி, இன்னொரு முறை தேர்வு வைக்கும்படி கேட்டு அனுப்பிவிட்டாள். பதினொன்றரைக்கு என்று பதில் வந்தது.

டார்ச்சோடு மேசைக்கு அடியில் புகுந்தாள். கணினியில் இரண்டு துளைகள்: கேட்பதற்குப் பச்சை, பேசுவதற்கு இளஞ்சிவப்பு. ஹெட்செட்டுக்கோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே முனை. அது பச்சையில் இருந்தது.

"டப்பாவுல ரெண்டு வால் வச்ச குட்டி வயர் ஒண்ணு இருந்துச்சே?"

"தேவையில்லாததுன்னு விறகுக் கூடையில போட்டேன்."

"எரிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"உன் சோம்பேறித்தனம் ஒரு தடவையாவது உதவுச்சு. எடுத்துட்டு வா."

மைக் படம் போட்ட வாலை இளஞ்சிவப்பில் செருகினாள், மற்றதைப் பச்சையில். ஹெட்செட்டின் முனையை அந்த வயரின் மறுபுறம் பொருத்தினாள். திரையில் மைக்கைத் தேர்ந்தெடுத்து "ஹலோ" என்றதும் ஒலி அளவுக் கோடு துள்ளி எழுந்தது.

இந்த முறை நான் வாசலிலேயே நின்றேன். "செத்துப்போன உங்க வீட்டுக்காரருக்கும் சாப்பாட்டுத் தட்டு வைக்கிறது தப்பில்லைங்க," என்றாள் ஹில்க்கா. "இன்னைக்கு என்ன சமைச்சீங்க?" பிறகு நெடிய மௌனம். பிறகு, "எனக்கு நேரம் இருக்கு. மெதுவாச் சொல்லுங்க."

ஹெட்செட்டைக் கழற்றியபோது அவள் தலைமுடி அமுங்கிப்போயிருந்தது. "திங்கக்கிழமை சேரச் சொல்றாங்க. பேசினதுக்காக."

"பரவாயில்ல," என்றேன். என் வாயிலிருந்து வரும் பாராட்டு அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் உட்கார முடியவில்லை. காலணியை மாட்டிக்கொண்டு, பனியில் நடந்து, பக்கத்து வீட்டு வெய்யோவின் கதவைத் தட்டினேன். பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் எதையும் இரவல் கேட்பதற்காக அல்லாமல், ஹில்க்காவுக்கு வேலை கிடைத்ததைப் போல ஒன்றைச் சொல்வதற்காக நான் போனது அன்றுதான்.