தூணைச் சுற்றி ஒரு கீறல்

அமரர் பொங்கியண்ணன் எழுப்பிய எதிலும் இன்றுவரை விரிசல் விழுந்ததில்லை என்று அச்சடித்த அஞ்சலி பேனரை, அவருடைய புது நிட்டிங் கம்பெனித் தூண்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் ஜெயசுதா பேனரைப் பார்க்கவில்லை. தூணின் அடியைப் பார்த்தாள். நேற்று மாலை ஊற்றிய தரை. இன்று மதியத்துக்குள் கீறிவிடாவிட்டால் தூண் மூலைகளிலிருந்து விரிசல் கிளம்பும்.

காங்கிரீட் காயக் காயச் சுருங்கும், தூண் விட்டுக்கொடுக்காது, கிழிவது தரைதான். தூணைச் சுற்றிச் சாய்சதுரமாகப் பலகை வைத்து, அந்த இடத்தைத் தனியாக விட்டு ஊற்றலாம் என்று தரை காண்ட்ராக்டர் வேல்குமார் முன்பே சொன்னான். அவளும் சொன்னாள். சரக்கெடுக்க வெளிநாட்டு பையர் வந்தால் தரை ஒரே கண்ணாடியாகத் தெரிய வேண்டும், ஒட்டுப்போட்ட பனியன் மாதிரி அல்ல என்று பொங்கியண்ணன் அடித்துப் பேசிவிட்டார். கடைசி லாரி போனதும் நாற்காலியில் சாய்ந்து டீ கேட்டார். டீ வருவதற்குள் போய்விட்டார்.

இனி மிச்சமிருந்த வழி, தரை வெட்டும் மெஷின் வைத்து எட்டுத் தூணையும் சுற்றிக் கீறுவது. சுருங்கினாலும் பிளவு கோட்டுக்குள் அடங்கிவிடும். அடுத்த மாதம் இங்கே நிட்டிங் மெஷின்களை ஓட்டப்போவது அவள். ஒப்பாரிக்கு நடுவே, கம்பெனி வாசலில் போட்ட பந்தலிலிருந்து எழுந்து எழுந்து போய் உள்ளங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்தாள். அப்பன் போட்ட தரையைத் தடவி உருகுவதாகச் சொல்லிப் பெண்கள் இன்னும் பலமாக அழுதார்கள்.

சித்தப்பாவிடம் கேட்டாள்.

“எழவூட்ல மெஷின் ஓட்டறதா கண்ணு? நாலு ஊரு சனம் என்ன பேசும்? எடுத்தப்புறம் பாத்துக்கலாம்.”

எடுப்பதாகத் தெரியவில்லை. பனியன் முதலாளிகள் சங்கத் தலைவருக்காகக் காத்திருந்தார்கள், அவர் வந்துகொண்டே இருந்தார். அவிநாசிபாளையம் தாண்டிவிட்டார் என்று இருமுறை செய்தி வந்தது. வெயில் ஏறியது. ஜெயசுதா மேளக்காரரிடம் போனாள்.

“அண்ணா, கொஞ்சங்கூட நிறுத்தாம அடிக்கறீங்களா?”

“எவ்வளவு நேரத்துக்குங்க?”

“எட்டுத் தூணு முடியறவரைக்கும்.”

அவருக்குப் புரியவில்லை, அடித்தார். உள்ளே வேல்குமார் மெஷினைக் கிளப்பினான். அண்ணனுக்கேற்ற மேளம் என்று சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவளை வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். சிமெண்டுப் பால் படிந்த கையால் அரிசியைப் போட்டாள். வாயோரம் சாம்பல் நிறமாகக் கொஞ்சம் ஒட்டியது. துடைக்கக் கை நீட்டினாள். அதற்குள் தலைவர் வந்துவிட்டார் என்று அவளை ஒதுக்கிவிட்டார்கள்.

தலைவரின் மாலை உடல்மேல் விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். தூக்கினார்கள். மேளம் தெருமுனை தாண்டியது.

உள்ளே மெஷின் நின்றிருந்தது.

“ஏழு முடிஞ்சுதுங்க,” என்றான் வேல்குமார்.

“வாசத்தூணு?”

அவன் தலையைச் சொறிந்தான். “தலைவரு செருப்பு அங்க கெடந்துச்சுங்க. தொடவேண்டாம், அவரே வந்து போட்டுக்குவாருன்னு உங்க சித்தப்பா சொல்லிப்போட்டாருங்க.”

வாசல் தூணின் மூலையிலிருந்து முடி கனத்தில் ஒரு கோடு ஓடி, பளபளவென்றிருந்த தோல் செருப்புக்கு அடியில் போய் மறைந்தது. ஜெயசுதா செருப்பை நகர்த்தினாள். கோடு அந்தப் பக்கமும் போயிருந்தது.

தலைவர் அவசரத்தில் போட்டுக்கொண்டு போனது பொங்கியண்ணனின் ரப்பர் செருப்பை.