வீட்டு ஃபேனின் முனகல்

எனக்குப் பாட்டு என்றாலே ஆகாது. தடயவியல் கூடத்தின் ஒலிப் பிரிவில் பத்தொன்பது வருடம் ஹெட்போனும் காதுமாகக் குப்பை கொட்டியவளுக்கு, வீட்டுக்குப் போனால் அமைதி போதும். அப்படிப்பட்ட நான் ஒரு தாலாட்டை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அதைத் தாலாட்டு என்று சொல்வதே பெரிய மனசு.

பாடியவர் ஃபேன் மெக்கானிக். தாலாட்டு எதுவும் தெரியாத மனுஷன், மூன்று வயது மகளைத் தூங்கவைக்கத் தனக்குத் தெரிந்த ஃபேன் பாகங்களை வைத்துப் பாடியிருந்தார். "பேரிங்கு தூங்குது, புஷ்ஷு தூங்குது, கப்பாசிட்டர் கண்ண மூடுது..." சுருதி மருந்துக்கும் இல்லை. நடுவில் குழந்தை, "கப்பாசிட்டர் இன்னொரு வாட்டி" என்கிறாள். பின்னால் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தன் அக்காவுக்குப் போட்டுக் காட்டிக் கேலி செய்ய, அவள்தான் பழைய செல்போனில் இதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தவள். பதினோரு நிமிடம்.

அந்தப் பதினோரு நிமிடம்தான் அவருக்கு இருந்த ஒரே சாட்சி. நகரத்தின் மறுகோடியில் ஒரு கடையில் பிற்பகல் மூன்றேகாலுக்குத் திருட்டு. கண்ணாடி அலமாரியில் அவருடைய கைரேகை. முந்தின நாள் ஃபேன் மாட்டப் போனபோது பட்டது என்றார். அதனால் மறுநாள் வரவில்லை என்று ஆகிவிடுமா என்றது போலீஸ். அந்நேரம் வீட்டில் பாடிக்கொண்டிருந்தேன் என்றார். மனைவி சொன்ன சாட்சி எடுபடவில்லை. செல்போனோ, பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் தேதி குழம்பி, பதிவுக்கு என்றைக்கோ போன வருடத்துத் தேதியைக் காட்டியது. ஆள் உள்ளே போய் நாற்பது நாள்.

நான் தேடியது பாட்டை அல்ல, அதன் பின்னால் இருந்த ஃபேன் முனகலை. மின்சாரத்தின் துடிப்பு ஒரே சீராக இருக்காது. தேவை கூடினால் இம்மி தாழும், குறைந்தால் இம்மி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தை எங்கள் கணினி ஒன்று நொடி தவறாமல் எழுதி வைக்கிறது. ஒரு நாள் ஓடிய மாதிரி இன்னொரு நாள் ஓடாது. ஃபேனின் முனகலும் அதையொட்டியே ஏறி இறங்கும்.

திருட்டு நடந்த பிற்பகலோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. அந்த மாதம் முழுக்க ஒப்பிட்டேன். ம்ஹூம்.

"பொருந்தலன்னா பொருந்தலன்னு எழுதி ஃபைல மூடுங்க" என்றார் எங்கள் தலைவர்.

"மூடத் தெரியாமலா இருக்கேன்" என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் பயமாக இருந்தது. நான் எழுதப்போகும் ஒரு வரியில் அந்தக் குழந்தைக்கு அப்பா இல்லாமல் போய்விடும்.

மறுநாள், பதிவில் உள்ள குரல்களோடு ஒப்பிடக் குரல் மாதிரி கொடுக்க மெக்கானிக்கின் மனைவி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. மைக் முன்னால் உட்கார்ந்ததும், "ஃபேன் சத்தத்துல அவர் குரல் கேக்காம போயிடுமா மேடம்?" என்றாள். "ஊர் ஃபேனெல்லாம் சரி பண்ணுவாரு. வீட்டு ஃபேன் வருஷக்கணக்கா கத்துது, நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுவாரு."

"வழக்கப் பத்தி எங்கிட்ட பேசக்கூடாதும்மா."

"ஃபோனும் அப்படித்தான். கடிகாரம் வேகமா ஓடும். அதுல அலாரம் வெச்சா எங்களுக்கு முன்னாடியே விடிஞ்சிடும்."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே இருக்கும் கடிகாரம் வேகமாக ஓடினால், அந்த ஃபோன் பதிந்த ஒலியெல்லாம், சரியான வேகத்தில் ஓடும் எங்கள் கருவியில் ஒரே அளவு தாழ்ந்து கேட்கும். பத்தொன்பது வருட அனுபவம், இதை முதலில் சோதிக்கத் தோன்றவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அளவு தெரிந்த ஓர் ஒலியை அதே ஃபோனில் பதிவு செய்து பார்த்தேன். தாழ்ந்துதான் இருந்தது. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டி மறுபடி மாதம் முழுக்க ஓடவிட்டேன். ஒரே இடத்தில் கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தது. திருட்டு நடந்த அதே நாள், மூன்று மணி ஒன்பது நிமிடம் முதல் மூன்று இருபது வரை. குரல் அவருடையதுதான் என்று சக ஊழியர் உறுதி செய்தார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தலைவர் கேட்டதற்கு ஜலதோஷம் என்றேன்.

நீதிமன்றத்தில், ஃபேன் முனகல் நேரத்தைக் காட்டிக்கொடுத்ததை நான் விளக்கியதும் பதிவைப் போட்டார்கள். கூண்டில் நின்றவர் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோளில் ஏற முடியாமல் காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை, பாட்டு ஆரம்பித்ததும் அடங்கிவிட்டாள். கப்பாசிட்டர் இரண்டாம் முறை வந்தபோது அம்மா மடியில் தூங்கிப்போயிருந்தாள். நீதிபதி அதைப் பார்த்தார். ஒலியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

அன்று மாலையே விட்டுவிட்டார்கள். வாசலில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் மொத வேலையா அந்த ஃபேன சரி பண்ணிடறேன்" என்றார் மனைவியிடம்.

"அதுல மட்டும் கை வெச்சீங்க, தெரியும் சேதி" என்று சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள்.